பின்சீற்றுக்குக் கதவில்லை

போன மாதம் காத்தான்குடியிலிருந்து ஒரு துணிக்கடை முதலாளி என்ட காரைப் பாக்க வந்தார். விக்கிற எண்ணம் எனக்கில்ல, ஆனா அவர் விடுற ஆளுமில்ல. ஏறி இருந்தார், சாய்ஞ்சார், தோல் சீற்றைத் தடவினார், கதவைப் பூட்டித் திறந்து பூட்டிப் பாத்தார். "சோக்கான கார் தம்பி, இந்த வயசிலயும் உள்ளுக்கு ஒரு சத்தமில்ல" எண்டார். மறுகா ரெண்டு குறை சொன்னார். இடப்பக்கக் கதவின்ட உள்பிடி தேய்ஞ்சு வெள்ளையாக் கிடக்காம். அதே பக்கச் சீற்றில உப்புப் பூத்த மாதிரி ஒரு கறையாம். "ரெண்டையும் மாத்திப்போடலாம், கொழும்பில சாமான் எடுக்கலாம்" எண்டார். எனக்குச் சுள்ளெண்டு ஏறிட்டுது. "அது மாத்திற சாமானில்ல, இறங்குங்க" எண்டு சொல்லிப்போட்டன். பாவம், ஊத்தின தேத்தண்ணியும் குடிக்காமப் போனார்.

அந்தப் பிடியத் தேய்ச்சது ஒரு மனுசியின்ட கை. இப்ப அவ இல்ல. எங்கட கல்லடி ஒழுங்கையில எல்லாருக்கும் அவ மிஸ்ஸி, எனக்கு மிஸ்ஸியக்கா. செங்கலடிப் பக்கத்தில மருத்துவமாது வேலை. வெள்ளைச் சாரி, கறுப்புக் குடை, தோளில ஒரு பை. ஆள் அஞ்சடியும் வராது, குரல் மட்டும் வாவிக்கு அங்கால கேக்கும். வலியில கிடக்கிற பொம்பிளையளுக்கு, "கத்து புள்ள, கத்துறதுக்கு ஆரும் வரி கேக்க மாட்டாங்க" எண்டு சொல்லுவாவாம். அப்பிடிச் சொல்லிச் சொல்லியே அந்தப் பக்கத்தில பாதிப் பிள்ளையளை உலகத்துக்கு இறக்கினவ.

அவவுக்கு ஒரே ஒரு குணம். மற்றக் குணமெல்லாம் அதுக்குள்ள அடங்கிடும். எங்க போனாலும் முதல் வாசலைப் பாப்பா. கலியாண வீட்டில கதிரைய இழுத்துக்கொண்டு போய்க் கதவடியில போடுவா. கோயிலில சாமி கும்பிடுறதும் வெளி வாசலில நிண்டுதான். செத்த வீட்டுக்குப் போனா செருப்பைக் கழட்டி, குனிஞ்சு, றோட்டைப் பாக்கத் திருப்பி வைச்சிட்டுத்தான் அழத் தொடங்குவா. பஸ்ஸில மிதிபலகைக்குக் கிட்ட இருக்கிற சீற் கிடைக்காட்டி, இடம் கிடந்தாலும் இருக்காம நிண்டுகொண்டே போவா. கேட்டா ஒரு சொல் வைச்சிருந்தா: "ஏறமுதல் இறங்கிற வழியப் பாரு, மனே." இந்தக் குணம் எங்கயிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியாது. அந்த நாளையில கலவரம் கண்ட ஆக்களுக்கு ஆளுக்கொரு பழக்கம் மிஞ்சியிருந்தது. நானும் தோண்டிக் கேக்கல்ல.

காரைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். சமாதானம் எண்டு சொல்லிப் பாதையெல்லாம் திறந்த காலத்தில, கொழும்பில வாகனம் வித்து வாங்கிற என்ட அண்ணன் அதில வந்து இறங்கினார். ஜப்பான் கார். நீளமான மூக்கு, பதிஞ்ச முதுகு, ரெண்டே ரெண்டு கதவு. ஓட்டப்பந்தயத்துக்கு ஓடுற சாதிக் காரைப் பணக்காரருக்கெண்டு மெத்தை போட்டுச் செய்திருந்தாங்க. ஆறு மாதத்தில அண்ணன் கனடாவுக்குப் பறந்திட்டார், சாவி என்ட கையில விழுந்தது. நான் வந்தாறுமூலைக் கம்பசில கிளாக்கர். கிளாக்கருக்கு இந்தக் கார் ஏனெண்டு ஊரே கேட்டது. ஆனா எனக்கு விட மனமில்ல.

சும்மா சொல்லக்கூடாது, உள்ளுக்கு அது அரண்மனைதான். பழுப்பு நிறத் தோல் சீற். பொத்தானை அமத்தினா முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவா நகரும், முதுகைத் தாங்கிப் பிடிக்கும். கண்ணாடிய ஏத்திட்டா வெளி உலகம் செத்துப்போகும். ஆனா சீவிக்கிறதுக்கு அது ஒரு கரைச்சல் பிடிச்ச வாகனம். வயசாளி ஏறினாக் கை குடுத்துத்தான் தூக்கி எடுக்கோணும். கதவு ரெண்டும் ஆளுயர நீளம். எங்கட ஒழுங்கையில திறந்தா வேலியில இடிக்கும். பின்பெட்டிக்குள்ள ஒரு மூட்டை அரிசி போகும், ரெண்டாவது போகாது. மழைக்குக் கிடங்கு விழுந்த றோட்டில வயிறு தேய்ஞ்சு அழும், நானும் கூட அழுவன். பின்னுக்கு ரெண்டு பேர் இருக்கலாமெண்டு பேர்தான். முன்சீற்றை மடிச்சு, குனிஞ்சு, காலை மடக்கி, சாரிய ஒதுக்கி உள்ளுக்குப் போகோணும். போனாப் பிறகு ஆராவது முன்சீற்றை மடிச்சு விட்டாத்தான் வெளிய வரலாம்.

மிஸ்ஸியக்கா முதல் நாள் காரைச் சுத்தி வந்து பாத்தா, பொண்ணு பாக்க வந்த மாமியார் மாதிரி. எல்லாரும் தோலைத் தடவினாங்க, பாட்டுப் பெட்டியப் பாத்தாங்க. அவ பின்கண்ணாடியால எட்டிப் பாத்திட்டு என்னட்டக் கேட்டா.

"பின்னுக்கு இருக்கிறவன் எப்பிடி இறங்குற?"

"முன்னுக்கு இருக்கிறவர் இறங்கினாத்தான்."

"முன்னுக்கு இருக்கிறவன் இறங்காட்டி?"

"ஏன் இறங்காம விடப்போறார்?"

"நல்ல கேள்வி" எண்டா. அவ்வளவுதான். அண்டையிலிருந்து பின்சீற் அவவுக்கு இல்லாத இடம்.

ஆனா முன்சீற்றைப் பிடிச்சுக்கொண்டா. நான் கம்பசுக்குப் போற வழியில செங்கலடிச் சந்தியில அவவ இறக்கிறது, பின்னேரம் அதே சந்தியில ஏத்திறது. ஏறினதும் கதவை ஓங்கி அறைவா. "மெதுவாப் பூட்டுங்க மிஸ்ஸியக்கா" எண்டு ஏழு வருசம் சொன்னன், ஒரு நாளும் கேக்கல்ல. அறைஞ்ச கையோட உள்பிடியப் பிடிப்பா. கல்லடியில பிடிச்சா செங்கலடியிலதான் விடுவா. இடையில வெத்திலை போடவேணுமெண்டாலும் மற்றக் கையாலதான். ஒருநாள் சித்திரை வெயிலுக்க கண்ணாடிய இறக்கிறதுக்குப் பொத்தான் தேடி, வேறொரு பொத்தானை அமத்திப்போட்டா. அது சீற்றுக்குச் சூடு குடுக்கிற பொத்தான். பனி கொட்டுற ஊருக்கெண்டு செய்தது. ஏறாவூர் தாண்டமுதல், "மனே, உன்ட காருக்கு அடியில நெருப்புப் பத்திட்டு, நிப்பாட்டு" எண்டா. நிப்பாட்டமுதலே கதவு பாதி திறந்து கிடந்தது. நான் பொத்தானைக் காட்டிச் சிரிக்க, "மட்டக்களப்பில ஆருக்கடா குண்டிக்குச் சூடு தேவை" எண்டு ஏசினா. எனக்குச் சிரிப்பு அடங்க ரெண்டு நாளாச்சு.

அவவின்ட புருசன் நேரெதிர். போஸ்ட்மாஸ்டரா இருந்து இளைப்பாறின மனுசன். வீட்டில ஆக உள்ளுக்கு இருக்கிற அறைதான் அவருக்கு வேணும். ஞாயிற்றுக்கிழமையில பேப்பரும் கையுமா என்ட வளவுக்கு வருவார், "தம்பி, உன்ட கார் சும்மாதானே நிக்குது?" எண்டு கேப்பார். பின்சீற்றுக்குள்ள நுழைஞ்சு, ஏசிக் குளிரைப் போடச் சொல்லி, ஒரு மணித்தியாலம் பேப்பர் வாசிப்பார். எங்கட ஒழுங்கை கடலுக்குக் கிட்ட. இரவும் பகலும் அந்த இரைச்சல் காதுக்குள்ள கிடக்கும். "இதுக்குள்ள இருந்தாக் கடல்கூடக் கேக்காது தம்பி, சொர்க்கம்" எண்டுவார். மிஸ்ஸியக்கா வேலி வாசல் கடப்படியில நிண்டு, "பெட்டிக்குள்ள படுக்க இப்பவே பழகுறார்" எண்டு கத்துவா. அவர் விடுவாரா? "இவ காலன் வந்தாலும் கடப்படியில நிண்டுதான் கதை குடுப்பா" எண்டு கண்ணாடிய இறக்கிச் சொல்லிட்டுத் திரும்ப ஏத்துவார்.

மகன் ஒருத்தன்தான். தகப்பன் மாதிரி அமைதி, ஆனா உயரம் ஆறடிக்கு மேல. அவனும் பின்சீற் ஆள். முழங்கால் நாடியில முட்ட மடங்கி இருந்து கொண்டு, "அண்ணன், இதுக்குள்ள நித்திரை வந்தா உலகமே தேவையில்ல" எண்டுவான். கட்டிடப் படம் கீறப் படிச்சவன். தாய் முன்னுக்கு இருந்து, சீற்றை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளி அவன்ட காலுக்கு இடம் விடுவா. தள்ளினா அவவின்ட முழங்கால் முன்பலகையில இடிக்கும். அதுக்கும் எனக்குத்தான் ஏச்சு.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் கல்லடியில இல்ல. முதல்நாள் பின்னேரமே என்ட மனுசியின்ட தாய் வீட்டுக்குச் செங்கலடிக்குப் போயிருந்தன், காரும் என்னோட. அதாலதான் கார் இண்டைக்கும் கிடக்கு. விசயம் கேள்விப்பட்டு ஓடி வந்தா, கல்லடிப் பாலத்துக்கு அங்கால போக விடுறாங்களில்ல. டவுனில ஒவ்வொரு பள்ளிக்கூடமாத் தேடினன். மூண்டாவது பள்ளிக்கூடத்தில மிஸ்ஸியக்கா இருந்தா. மண்டபத்துக்குள்ள சனம் பாயில கிடக்குது, அவ கேற்றடி மதகில தனிய இருந்தா. தலையெல்லாம் மண், காலில செருப்பில்ல. நான் கதவைத் திறந்து விட்டன். ஏறி இருந்தா. கதவை அறையல்ல, நான்தான் பூட்டினன். ஈரச் சாரியில கடல்தண்ணி சொட்டிச் சொட்டிச் சீற் நனைஞ்சது. தோல் காஞ்ச பிறகு உப்புக் கோடு விழுந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் போகல்ல, பிறகு நான் தேய்க்கவுமில்ல.

அவவின்ட புருசனை ரெண்டாம் நாள் பிரேதமா எடுத்தாங்க. உள்ளறைக்குள்ளதான். அலுமாரி விழுந்து கதவைக் குறுக்கால அடைச்சிருந்தது. மிஸ்ஸியக்கா அந்த நேரம் கடப்படியில நிண்டு மீன்காரனோட விலை பறைஞ்சுகொண்டு நிண்டவவாம். தண்ணியக் கண்டதும் "ரெண்டு தரம் கூப்பிட்டன், அவருக்குக் கேக்கல்ல, மறுகா ஓடினன்" எண்டு வந்த ஆக்களுக்கெல்லாம் அழுதழுது சொன்னா. மகன் தாயக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, "விடுங்கம்மா, நீங்களாவது வந்தீங்களே" எண்டான். அவன் அண்டைக்கு வாழைச்சேனையில சிநேகிதன் வீட்டில நிண்டபடியாத் தப்பினவன்.

பிறகு ஒரு நிறுவனம் அவவுக்குக் கல்வீடு கட்டிக் குடுத்தது. மூண்டு அறை. படத்தைப் பாத்திட்டு, அறைக்கு ரெண்டு கதவு வேணுமெண்டு பிடிவாதமா நிண்டா. வந்த இஞ்சினியர், "அம்மா, சுவர் முழுக்கக் கதவெண்டா வீட்டைத் தாங்கிறது ஆர்?" எண்டு கேட்டார். "வீடு விழுந்தாலும் நான் வெளிய நிப்பன்" எண்டா. கடைசியில மகன்தான் இருந்து புதுப் படம் கீறிக் குடுத்தான். அந்த வீட்டில கட்டில், அலுமாரி ஒண்டும் சுவரோட வைக்க ஏலாது, எங்க வைச்சாலும் ஏதோ ஒரு கதவுக்குக் குறுக்க வரும். எல்லாம் நடுவில நிண்டது. போனா, வீடு மாறுற நாளில போன மாதிரி இருக்கும். நான் அங்க அஞ்சு நிமிசத்துக்கு மேல இருக்கிறதில்ல, எனக்குள்ளயும் ஒரு பதகளிப்பு வந்திடும்.

மகன் படம் கீறின கெட்டித்தனத்தைக் கண்டு, வன்னியில கடல் அடிச்ச கரையில வீடு கட்டுற வேலை ஒண்டு வந்தது. "ஒரு வருசம்தானேம்மா" எண்டு போனான்.

அந்த மாரியிலதான் குழந்தை விசயம் நடந்தது. பின்னேரம் மழை அடிச்சு ஊத்துது. செங்கலடிச் சந்தியில மிஸ்ஸியக்காவ ஏத்த நிண்டா, சைக்கிளில ஒருத்தன் நனைஞ்சு வந்து நிண்டான். பதுளை றோட்டால உள்ளுக்கு, வயல் வட்டைக்கு நடுவில இருக்கிற குடிசையில அவன்ட பெண்சாதி. மிஸ்ஸியக்கா அங்கதான் நிக்கிறாவாம், காரைக் கொண்டு வரச் சொன்னாவாம். போனன். பிள்ளை பிறந்திட்டுது, நாள் காணாத பிள்ளை. என்ட உள்ளங்கையிலயும் கொஞ்சம் மிச்சம் கிடக்கும் போல அவ்வளவுதான். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சாத்தான் பிழைக்கும், அதுவரைக்கும் குளிரக்கூடாது எண்டா.

முன்சீற்றைப் பொத்தானால பின்னுக்குத் தள்ளி, சாய்ச்சு, தாயப் படுக்க வைச்சா. பிள்ளையத் தாயின்ட நெஞ்சோட நெஞ்சா ஒட்டிப் போத்தினா. மறுகா என்னப் பாத்து, "மனே, அந்தக் குண்டி சுடுற பொத்தான் எங்க?" எண்டா. அமத்தினன். பனி ஊருக்குச் செய்த சூடு, வாழ்க்கையில முதல்தரம் வேலை செய்தது.

சரி, அவ எங்க இருக்கப் போறா? பின்சீற் வெறுமையாத்தான் கிடந்தது. "மிஸ்ஸியக்கா, நீங்க பின்னுக்கு ஏறுங்க, முன்சீற்றைக் கொஞ்சம் முன்னுக்கு எடுக்கலாம்" எண்டன். பின்சீற்றை ஒருக்காப் பாத்தா. மறுகா குனிஞ்சு, அந்தத் தாயின்ட காலடியில, கால் வைக்கிற குழிக்குள்ள சுருண்டு இருந்துகொண்டா. முதுகு கதவில, ஒரு கை தாயின்ட முழங்காலில, மற்றக் கை அந்தப் பிடியில. அவவுக்கு இடம் விட அந்தப் பொம்பிளை காலை மடக்கி, நொந்த உடம்போட முழுத் தூரமும் அப்பிடியே வந்தா. ஒவ்வொரு கிடங்குக்கும் முனகினா. பிள்ளை பிழைச்சுக்கொண்டுது. ஆனா எனக்கு மிஸ்ஸியக்காவில அண்டைக்குக் கோபம், பொய் சொல்லக்கூடாது.

திரும்பி வரேக்க கல்லடிப் பாலத்தடியில செக்கிங். வாகனம் வரிசையா நிக்குது, மழை விடல்ல. அவவே தொடங்கினா.

"நான் பின்னுக்கு ஏறியிருந்தா அந்தப் புள்ள காலை நீட்டிப் படுத்திருக்கும். என்ன?"

"ஓம்" எண்டன்.

"என்னால ஏலாது, மனே."

நான் வைப்பர் ஆடுறதைப் பாத்துக்கொண்டிருந்தன்.

"நான் அவரை ரெண்டு தரம் கூப்பிட்டன் எண்டு ஊருக்கெல்லாம் சொன்னனான். ஒருக்காலும் கூப்பிடல்ல. எட்டெடுத்து வைச்சா உள்ளறை. கடப்பைப் பாத்தன், ஓடினன். பாலத்துக்கு வந்த பிறகுதான் அவர்ட நினைப்பே வந்தது." குரல் சின்னதாகிட்டுது, நான் அப்பிடிக் கேட்டதில்ல. "மகனுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னப் பாப்பானா?"

"தண்ணிக்கு முன்னால ஆர்தான் என்ன செய்யிற" எண்டு ஏதோ சொன்னன். அது ஆறுதலில்ல எண்டு எனக்கே விளங்கினது. வரிசை நகர்ந்தது. இறங்கி அடையாள அட்டையக் காட்டிட்டு வந்து ஏறினம். கதவை வழமை போல அறைஞ்சா.

ஒரு வருசமெண்டு போனவன் வரமுதல் சண்டை திரும்பத் தொடங்கி, வன்னிப் பாதையப் பூட்டிட்டாங்க. முதல் கடிதம் வந்தது, பிறகு செஞ்சிலுவை மூலமா ரெண்டு வரி வந்தது, மறுகா அதுவும் இல்ல. மிஸ்ஸியக்கா வேலைக்குப் போறதை விடல்ல. ஆனா காரில ஏறினதும் ஒரு வேலை செய்வா. பொத்தானை அமத்திச் சீற்றை முன்னுக்குத் தள்ளுவா, முழங்கால் முன்பலகையில இடிக்குமட்டும் தள்ளுவா.

"பின்னுக்குத்தான் ஆருமில்லையே" எண்டு நான் ஒருநாள் எரிஞ்சு விழுந்தன்.

"அவன் வந்தா இந்தளவு இடம் காணுமா, பாரு."

திரும்பிப் பாத்தன். "காணும்" எண்டன். கிட்டத்தட்ட மூண்டு வருசம் முழங்கால் இடிக்க இடிக்கத்தான் போய் வந்தா. வீட்டில இரவில எண்ணெய் போடுவாவாம்.

சண்டை முடிஞ்சுதெண்டு றேடியோ சொன்ன நாள் சந்தியில பட்டாசு கொளுத்தினாங்க. றோட்டில வாகனத்தை மறிச்சுப் பாற்சோறு குடுத்தாங்க. நான் ஒரு துண்டை வாங்கி என்ன செய்யிறதெண்டு தெரியாம முன்பலகையில வைச்சன். மிஸ்ஸியக்காவுக்குக் கண்ணாடி பூட்டினா மூச்சு முட்டும், எந்த வெயிலுக்கும் இறக்கித்தான் வைச்சிருப்பா. அண்டைக்கு அவவே, "பூட்டு மனே, சத்தம் கேக்காமப் பூட்டு" எண்டா. பூட்டினன். அந்தக் கார் அண்டைக்கு நல்ல வேலை செய்தது. செங்கலடியிலிருந்து கல்லடி வரைக்கும் ரெண்டு பேரும் மூச்சு விடுற சத்தம் மட்டும்தான். அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டு ரெண்டு பேருமே பறையல்ல.

இருந்தான். மாரி தொடங்கமுதல் தகவல் வந்தது. வவுனியாப் பக்கம் முகாமில இருக்கிறானாம், உடம்பு சரியில்லாதபடியா விடுறாங்களாம், சொந்தக்காரர் வந்து கையெழுத்து வைச்சுக் கூட்டிக்கொண்டு போகலாமாம். நான் வான் ஒண்டு பிடிப்பம் எண்டன். "தெரியாத வாகனத்தில என்னால அவ்வளவு தூரம் இருக்க ஏலாது. உன்ட கார்தான். அவனுக்கும் அந்தப் பின்சீற்தான் விருப்பம்" எண்டா. பின்சீற்றில புதுத் தலையணை, கழுவின போர்வை, தண்ணிப் போத்தல், அவனுக்கெண்டு பொரிச்ச கோழி. முன்சீற் ஆக முன்னுக்கு. முழங்காலை முட்டிக்கொண்டு, பிடியப் பிடிச்சுக்கொண்டு, பொலன்னறுவை, ஹபரணை எல்லாம் தாண்டி வவுனியா மட்டும் போனா. வழியில ஒரே ஒரு கேள்வி கேட்டா: "தகப்பனைப் பற்றி இனியாவது சொல்லத்தானே வேணும்?"

காலமை ஒன்பது மணி போல முகாம் கேற்றடியில ஒருத்தன் வந்து நிண்டான். எனக்கு ஆரெண்டு தெரியல்ல. தாய்க்குத் தெரிஞ்சது. உயரம் மட்டும்தான் மிச்சம், மற்றதெல்லாம் எலும்பு. கட்டிப்பிடிச்சு அவ ஒரு சத்தமும் போடல்ல, முதுகைத் தடவித் தடவிப் பாத்தா, பிறந்த பிள்ளைக்கு உறுப்பெல்லாம் சரியா எண்டு பாக்கிற மாதிரி. பேப்பரில கையெழுத்து வைச்சம். நான் போய்க் கதவைத் திறந்து, முன்சீற்றை மடிச்சு, "ஏறு தம்பி, உன்ட இடம்" எண்டன். எனக்கும் சந்தோசம்தான்.

அவன் குனிஞ்சான். ஒரு காலை உள்ளுக்கு வைச்சான். அப்பிடியே நிண்டிட்டான். கை கார்க் கூரையப் பிடிச்சது பிடிச்சபடி. காலை எடுத்திட்டுப் பின்னுக்கு வந்தான். ஒருக்கா, மறுபடி ஒருக்கா. நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன மகன்?"

"பங்கர்க் குழி மாதிரி இருக்கு." எங்க ரெண்டு பேரையும் பாக்காமச் சொன்னான். "நாலு பேர் உள்ளுக்க இருந்தம், அம்மா. நான்தான் வாசலடியில இருந்தனான்." றோட்டைக் காட்டி, "நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் பஸ்ஸில வாறன்" எண்டான்.

மிஸ்ஸியக்கா மகனைப் பாத்தா, கனநேரம் பாத்தா. அவன் என்ன சொல்லாம விட்டானெண்டு என்னை விட அவவுக்குத்தான் விளங்கியிருக்கும். மறுகா குடையையும் பையையும் என்னட்டத் தந்தா. சாரிய முழங்கால் மட்டும் தூக்கிச் செருகினா. குனிஞ்சா. ஒரு கால், மறு கால். தலை கூரையில இடிச்சது. முன்சீற்றுக்குப் பின்னால போய், அந்தப் புதுத் தலையணையில இருந்தா.

"முன்னுக்கு ஏறு மகன். கதவு உன்ட கையில" எண்டா.

நான் சீற்றை நிமித்தி விட்டன். அவன் ஏறி, தாய் முன்னுக்குத் தள்ளி வைச்ச சீற்றில முழங்கால் முட்ட இருந்தான். பின்னுக்கு நகர்த்தப் பொத்தானைக் காட்டினன், வேண்டாமெண்டான். அவன்ட கை தானாப் போய் அந்தத் தேய்ஞ்ச பிடியப் பிடிச்சது. நான் கதவைப் பூட்டினன். கண்ணாடியில பாத்தா, பின்னுக்கு மிஸ்ஸியக்காவுக்குப் பிடிக்கிறதுக்கு ஒண்டுமில்ல. ரெண்டு கையும் அந்தரிச்சுத் திரிஞ்சிட்டு, கடைசியா மகன்ட சீற்றுப் பட்டியப் பிடிச்சுக்கொண்டுது.

மதவாச்சி தாண்டமுதல் அவன் நித்திரையாப் போனான். அவன்ட நித்திரையப் பாத்தா, வருசக்கணக்கில கடன் வைச்ச நித்திரை மாதிரி இருந்தது. நான் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா, "மிஸ்ஸியக்கா, சுகமா?" எண்டு மெதுவாக் கேட்டன். "நீ றோட்டைப் பாரு" எண்டா. அவவின்ட முகம் வெளிறிப்போய்க் கிடந்தது, உதடு எதையோ எண்ணிக்கொண்டே வந்தது. ஹபரணையில தேத்தண்ணிக் கடையடியில நிப்பாட்டினன்.

"கொஞ்சம் இறங்கி நில்லுங்க."

"நான் இறங்கிறதெண்டா இவனை எழுப்போணும். கிடக்கட்டும். ஓட்டு."

தேத்தண்ணியும் குடிக்காம ஓட்டினன்.

பின்னேரம் நாலு மணி போலக் கல்லடி ஒழுங்கைக்குள்ள வந்து சேந்தம். அவவின்ட வீட்டுக் கடப்படியில, றோட்டைப் பாக்கக் காரைத் திருப்பி நிப்பாட்டினன். வெயில் வாவிப் பக்கம் சரிஞ்சு கிடந்தது. வீட்டில ஆறு கதவும் பூட்டிக் கிடந்தது. அவன் இன்னும் நித்திரை, கை மட்டும் பிடியில. குளிர் நிக்கக்கூடாதெண்டு எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நானும் இருந்தன்.

"இறங்குவமா, மிஸ்ஸியக்கா?"

"இவன் தானா எழும்பட்டும்."

அரை மணித்தியாலம் போயிருக்கும். ஒழுங்கையால போன சனம் குனிஞ்சு பாத்துப் பாத்துப் போகுது. பின்னுக்கிருந்து அவவின்ட குரல் வந்தது, பழைய குரலில்ல, மகன் எழும்பிடாம மெதுவா.

"அவர் சொன்னது மெய்தான், மனே."

"என்ன சொன்னவர்?"

"இதுக்குள்ள இருந்தாக் கடல் கேக்குதில்ல."